முதலில் பேச வேண்டிய இருக்கை



தம்பி, சீட்டைக் காணுமுன்பே பந்தயம் வைக்கும் பிக் பிளைண்ட் இருக்கையில் அமர்ந்து, கையில் இரண்டு ஜாக்கிகளுடன் நீ ஆடித் தோற்ற போக்கர் ஆட்டத்தைப் பற்றி எழுதியனுப்பிய ஆறு பக்கங்களையும் இருமுறை வாசித்தேன். கடைசி இருக்கைக்காரர் ஏற்றிய பந்தயத்தின்மேல் நீ மீண்டும் ஏற்றியதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகளாக, ஹார்ட் பத்தும், ஹார்ட் ஒன்பதும், கிளாவர் நான்கும் விழுந்தபோது, பொறி வைப்பதாக எண்ணிக்கொண்டு 'செக்' என்று வாளாவிருந்தாயே, அதுவும் போதாதென்று, அடுத்த சீட்டாக ஹார்ட் வந்து உன்னைக் கவிழ்த்ததும் அதற்குத் துரதிர்ஷ்டம் என்று நாமகரணம் செய்தாயே, இவ்விரண்டும் என்னை உண்மையாகவே கோபங்கொள்ளச் செய்தன.

உன் ஜாக்கிகள் ஸ்பேடும் டைமண்டும். நீ காணாத 47 சீட்டுகளில் ஹார்ட் 11. ஹார்ட் அல்லாத ஏஸ், ராஜா, ராணி 9. ஆக, உன்னைத் திடுக்கிடச் செய்யக்கூடியவை 20. இத்தகைய கையை ஒளித்து வைப்பது விவேகமாகுமா? வைரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். மல்லிகையோ பொழுது சாய்வதற்குள் விலைபோயாக வேண்டும். முதலில் பேசும் நீ 'செக்' என்றால், இலவசமாக ஒரு சீட்டைப் பார்ப்பதா, பந்தயம் கட்டுவதா என்னும் அதிகாரம் முழுவதும் பின்னால் பேசுகிறவரிடம் போய்விடுகிறது.

அவர் பிறகு காட்டியவை ஹார்ட் ஆறும் ஐந்தும். அடுத்த சீட்டு ஹார்ட்டாக வரும் சந்தர்ப்பம் அவருக்கு ஐந்தில் ஒன்று. நடுவில் 100 கிடக்கையில் நீ 50 கட்டியிருந்தால், 150-ஐப் பெற அவர் 50 கொடுக்க வேண்டும். நான்கில் ஒரு சந்தர்ப்பமாவது இருந்தாலொழிய அந்த விலை அவருக்குக் கட்டுபடியாகாது. உன் சீட்டைக் கண்டிருந்தால் செய்யாததை எதிராளி செய்யுந்தோறும் லாபம் உனக்கே என்பது டேவிட் ஸ்க்லான்ஸ்கி 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில் வகுத்த அடிப்படைத் தேற்றத்தின் சாரம். இலவசமாகப் பெறுகிறவன் தவறு செய்ய வழியே இல்லை, தம்பி.

1991-இல் லாஸ் வேகாஸில் ஓரிரவு, இரண்டு ராணிகளை நானும் இவ்வாறே ஒளித்து வைத்து, கையிருப்பு முழுவதையும் இழந்தேன். என் இடப்புறம் அமர்ந்திருந்த முதியவர், வென்ற பணத்தை அடுக்கியவாறே, "நீங்கள் ஒரு விலை சொல்லியிருந்தால் நான் அப்போதே சீட்டைப் போட்டிருப்பேன்" என்று சாந்தமாகச் சொன்னார். விடியும்வரை வீதியில் நடந்தேன். அச்சொல்லை நினையாமல் அதன்பின் நான் எந்த மேசையிலும் அமர்ந்ததில்லை.

ஆயினும், மூன்றாவது ஹார்ட் விழுந்தபின் நீ கட்டிய பந்தயத்தின்மேல் அவர் பெருந்தொகை ஏற்றியபோது, அத்தனை ஆசையோடு காத்த ஜாக்கிகளை ஒரு நொடியில் கவிழ்த்து வைத்தாயே, அந்த வைராக்கியம் இத்தனை ஆண்டுகள் ஆடியும் எனக்குக் கைகூடாதது. பெரிய ஆட்டக்காரனுக்குரிய லட்சணம் அது. அதைப் படித்தபோது என் கண்கள் பனித்தன.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். உன் குறிப்பேட்டில் இந்த ஆட்டத்துக்கெதிரே துரதிர்ஷ்டம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, 'விலை கேளாமல் கொடுத்தேன்' என்று எழுதிவை.