பேப்பர் போடுவதற்கு முன்

குறைந்த சம்பளத்தில் நாலைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர், ஒருநாள் இன்க்ரிமென்ட் லெட்டரைப் பார்த்ததும் கொதித்துப்போய் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிடுவார். பிறகுதான் வேலை தேடுவார். கையில் வேலை இல்லாதவருக்குப் பேரம் பேசும் தெம்பு பாதியாகிவிடும் என்பது அடுத்த இன்டர்வியூவிலேயே தெரியும். ராஜினாமா கடைசியாக எழுத வேண்டிய காகிதம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

காகிதங்களைச் சேர்த்து வைப்பது

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இன்க்ரிமென்ட் கடிதங்கள், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கோ வீட்டுக்கோ கொண்டுவந்துவிடுங்கள். உங்களுடைய காகிதங்களை மட்டும்தான். கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையோ ஃபைல்களையோ தொடக்கூடாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை மறுபடி ஒருமுறை வரிவரியாகப் படிப்பது நல்லது. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பாண்ட் இருக்கிறதா, பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்த அன்று கண்ணில் பட்டிருக்காது.

சில தனியார் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுடையது அங்கே இருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே பாஸ்போர்ட், வங்கிக் கடன் என்று உண்மையான தேவை வரும்போது எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். ராஜினாமாவுக்குப் பிறகு கேட்டால் அது பிணைப் பொருளாகிவிடும்.

சம்பளத்தைக் கணக்குப் போடுவது

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 21,000. பிடித்தம் போகக் கைக்கு 19,000 சொச்சம். வீடு சொந்த வீடு. சென்னையிலிருந்து ‘4.8 லட்சம் சி.டி.சி.’ என்று, அதாவது நிறுவனத்துக்கு உங்களால் வருடத்தில் ஆகும் மொத்தச் செலவைச் சொல்லி, ஆஃபர் வருகிறது. மாதம் 40,000, இரண்டு மடங்கு என்று மனசு துள்ளும்.

அந்த 40,000-ஐப் பிரித்துப் பார்க்கலாம். பத்து சதவீதம் வேரியபிள் பே என்று வைத்தால் மாதம் 4,000 ஓரமாகப் போய்விடுகிறது. அது வருடக் கடைசியில் வரும், வராமலும் போகலாம். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 2,400. அதுவும் இந்த 40,000-க்குள்தான் அடக்கம். கிராஜுவிட்டி என்று 962 ரூபாய். குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் அறுநூறு சொச்சம். ஆக 8,000 கழிந்து 32,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400. கைக்கு வருவது 29,600. அதிலும் தொழில் வரி போகும்.

ஆக, கூடுதலாகக் கிடைப்பது பத்தாயிரம் சொச்சம். சென்னையில் ஒரு சின்ன வீட்டு வாடகை அதைத் தின்றுவிடும். அட்வான்ஸ் தனி. போகவே கூடாது என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ளும் வேலை பெரிதென்றால் இரண்டு வருடத்தில் அது வேறு சம்பளமாக மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் ‘சரி’ சொல்ல வேண்டும். ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “பிடித்தமெல்லாம் போக மாதாமாதம் பேங்க்ல எவ்வளவுங்க வரும்?” பிரேக்-அப் ஷீட் தரத் தயங்கும் நிறுவனம், பின்னால் வேறு எதற்கெல்லாம் தயங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு எல்லாருக்கும் மறந்துபோகும். சம்பளம் 21,000 வரைதான் இ.எஸ்.ஐ. அந்த வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் புது இடத்தில் சேர்ந்தால், நீங்கள் அந்தத் திட்டத்துக்குள் வரமாட்டீர்கள். உங்களை நம்பியிருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால் அந்தச் செலவு இனிக் கைக்காசு. புது நிறுவனத்தின் குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோர் சேர்த்தியா, மனைவி மக்கள் மட்டுமா என்று கேளுங்கள்.

“இப்ப என்ன வாங்குறீங்க?”

குறைந்த சம்பளக்காரருக்கு இதுதான் கண்ணி. 21,000 என்று சொன்ன மாத்திரத்தில், “முப்பது பர்சென்ட் ஹைக் தரோம்” என்று பெரிய மனசோடு 27,000-ல் நிறுத்திவிடுவார்கள். குறைச்சலின் மேல் முப்பது சதவீதமும் குறைச்சல்தான்.

அதற்காகப் பொய் சொல்லக் கூடாது. சம்பளச் சீட்டு கேட்பார்கள், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அப்படியே இருக்கும். சரிபார்ப்பில் மாட்டினால் வந்த ஆஃபரும் போகும். பேச்சின் திசையை மாற்றலாம்: “சார், இந்த வேலையில ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஆடிட், பேங்க் லோன் பேப்பர் மூணும் இருக்கு. இதுக்கு மார்க்கெட்ல என்ன தராங்கன்னு பாத்துட்டுத்தான் 35,000 கேக்கறேன். இப்ப வாங்கறது கம்மிங்கறதுனாலதானே மாறறேன்.” அதே வேலையை வேறு கம்பெனியில் பார்க்கும் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே விசாரித்திருந்தால்தான் இந்த வாக்கியம் தடுமாறாமல் வரும்.

தொகை முடிவானதும் கடிதம் வர வேண்டும். போன் பேச்சோ வாட்ஸ்அப் மெசேஜோ ஆஃபர் ஆகாது. நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து, பதவி, ஊர், சம்பளப் பிரிவு, சேரும் தேதி எழுதிய கடிதம். வேலைக்காக டெபாசிட் கட்டச் சொன்னால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடலாம்.

நாள் குறிப்பது

ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடம் நெருங்குகிறதென்றால் காலண்டரைப் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்கினால் வருவது தொகை. அடிப்படை 12,000, ஐந்து வருடம் என்றால் 34,615 ரூபாய். நாலு வருடத்துக்குப் பிறகு ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் மல்லுக்கட்டாமல் கொடுத்துவிடாது. இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து நிறைகிறது என்றால் பொறுத்துவிடுவதே என் யோசனை.

தீபாவளி போனஸுக்காகக் காத்திருப்பது வேறு விஷயம். சட்டப்படியான போனஸ் வரம்புக்குள் வருபவர் அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே விகிதப்படி உரிமை உண்டு. விலகியவருக்கும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள் என்பது தனிக்கதை.

முதலாளியிடம் சொல்வது

ஹெச்.ஆருக்கு மெயில் போகும் முன் நேரில் சொல்லிவிடுங்கள். குடும்ப நிறுவனமென்றால் இந்தப் பத்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். “என்னப்பா, உன்னை என்ன குறை வெச்சோம்? பையன் மாதிரிதானே பாத்தேன்” என்பார். சோறு போட்ட இடமாயிற்றே என்று தொண்டை அடைக்கும். உண்மையில் பையன் மாதிரி பார்த்திருந்தால் நாலு வருடமாகச் சம்பளம் அசையாமல் இருந்திருக்குமா என்ற கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். “குறை ஒண்ணும் இல்லீங்க ஐயா. வீட்டுச் செலவு கூடிப்போச்சு, நல்ல வாய்ப்பு வந்திருக்கு. ஒப்படைக்க வேண்டியதெல்லாம் ஒப்படைச்சுட்டுத்தான் போவேன்.” அவ்வளவு போதும். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மறுநாள், “அவன் தர்றதை நானே தரேன்” என்று வரலாம். நேற்றுவரை இல்லாத பணம் இன்று எப்படி வந்தது? பெரும்பாலும் இதை மறுப்பதே சரி. அடுத்த இன்க்ரிமென்ட்டின்போது ‘போறேன்னு மிரட்டினவன்’ என்ற பெயர் கூடவே வரும். ஊரை விட்டுப் போக முடியாத குடும்பநிலை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் தொகையும் அமலுக்கு வரும் தேதியும் எழுத்தில் வந்த பிறகுதான் புது இடத்துக்கு மறுப்புச் சொல்ல வேண்டும்.

பாண்டைக் காட்டி மிரட்டினால் ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்பது வேறு. பொதுத்துறை வங்கி ஒன்று மூன்று வருடத்துக்கு முன் விலகுபவருக்கு விதித்த 2 லட்ச ரூபாய் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. தொகை நியாயமானதா என்பதே கேள்வி. பெரிய தொகையென்றால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கடைசி நாளும் அதன் பிறகும்

நோட்டீஸ் காலம் முழுக்க இருக்க முடியாவிட்டால், மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலகலாமா, புது நிறுவனம் அதை ஏற்குமா என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டாம். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்தடுத்த இடங்களில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லேப்டாப், சாவி, சிம் கார்டு எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதாக மெயிலில் ஒரு வரி வாங்குங்கள்.

கணக்கு முடிக்க 45 நாள் ஆகும் என்பது பழைய பழக்கம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்கச் சொல்கிறது. இதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் அனுப்பலாம்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்கச் சொல்லி நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். யு.ஏ.என். எண்ணைப் புது நிறுவனத்தில் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் லாபம். ஐந்து வருடத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வருமான வரி வரும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று போர்ட்டலில் பாருங்கள். செய்யாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிவு செய்யலாம்.

நிதியாண்டின் நடுவில் மாறியிருந்தால் முந்தைய நிறுவனத்துச் சம்பள விவரத்தைப் புது நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் நிலையான கழிவும் வரிவிலக்கு வரம்பும் தனித்தனியாகக் கிடைத்தது போலக் கணக்காகி, வரி குறைவாகப் பிடித்திருப்பார்கள். மொத்த வருமானம் வரம்பைத் தாண்டுகிறவர்களுக்கு அந்தப் பாக்கி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை மாதத்தில், வட்டியோடு வந்து நிற்கும்.