மெல்லாடைக்கு ஓரம் தைத்தல்

விடுதியில் வாழும் நமக்குத் தையற்காரர் அருகிலேயே இருப்பினும், எல்லாத் துணியையும் அவரிடம் கொடுத்துவிட இயலாது. ஷிஃபான், மல், மெல்லிய பட்டு ஆகியவற்றை இயந்திரத்தில் இட்டால், துணியைத் தள்ளும் பற்கள் இழையைப் பற்றி இழுக்கும். நெருங்கிய தையல் ஓரத்தை விறைப்பாக்கும். பட்டில் விழுந்த ஊசித்துளை மறைவது அரிது. அன்னையின் பழஞ்சேலையிலிருந்து எடுத்த தாவணியாயின், கெட்டபின் மாற்றுத் துணிக்கு எங்கே போவது? ஆதலால், கையால் ஓரம் சுருட்டித் தைக்கும் முறையை மாணவியரேயன்றி மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

வேண்டுவன: ஊசி, நூல், கூரிய கத்தரிக்கோல். கையூசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். இதற்கு 10-ஆம் எண் ஏற்றது. பட்டுக்குப் பட்டு நூலும், மல்லுக்கு மெல்லிய பருத்தி நூலும் கொள்க. துணியைவிட நூல் வலிதாயின், இழுபடும்போது துணியே கிழியும். நூல் ஒரு முழத்துக்கு மேற்படின் சிக்கும்.

முறை: கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்க. மல் துணியில் ஓரம் நேராக அமைய, குறுக்கிழை ஒன்றை மெல்ல உருவி, அத்தடத்தின் வழியே வெட்டுக. சாய்வாக வெட்டிய துணியை ஒரு நாள் தொங்கவிட்டு, இறங்கிய பகுதியைச் சமன்செய்த பின்னரே தைக்கத் தொடங்குக.

ஓரத்தை 3 மில்லிமீட்டர் உட்புறமாக மடித்து விரலால் அழுத்துக. முடிச்சை மடிப்புக்குள் மறைத்திடுக. வெட்டிய விளிம்பை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே, அடித்துணியில் ஓரிழையை மட்டும் ஊசிமுனையால் எடுக்க; பின்னர் மடிப்பினுள் 5 மில்லிமீட்டர் ஊசியை ஓட்டி வெளியே கொணர்க. மீண்டும் ஓரிழை, மீண்டும் மடிப்பு. ஐந்தாறு தையல் ஆனதும் நூலை மெல்ல இழுத்தால், மடிப்பு தானே சுருண்டு விளிம்பை உள்ளடக்கிக்கொள்ளும். நுட்பமெல்லாம் இந்த இழுப்பில்தான் இருக்கிறது. மிகுந்தால் ஓரம் சுருங்கும். குறைந்தால் விளிம்பில் பிசிர் தெரியும். சுருண்ட பகுதியை விரலால் நீவிச் சமப்படுத்தி மேற்செல்க.

சாணுக்கு ஒருமுறை, அதே இடத்தில் சிறு தையல் ஒன்று கூடுதலாக இட்டு இறுக்குக. பின்னாளில் நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் ஓரம் முழுவதும் பிரியாது. முடிந்ததும் சுருளின்மீது இஸ்திரிப்பெட்டியை அழுத்தவேண்டா. உருண்ட ஓரம் தட்டையாகிவிடும்.

தாவணியின் இரு முனைகளுக்கும் ஓரிரு மாலைப்பொழுது வேண்டும். பொங்கல் விழாவின் முந்தின இரவில் தொடங்குவார்க்கு இது கைகூடாது. முன்னதாகவே, பழைய மல் துணியில் ஒரு கைக்குட்டை வெட்டிப் பழகுக. மேற்புறம் திருப்பிப் பார்க்கையில் தையல் கண்ணுக்குப் புலப்படாவிடின், அன்னையின் சேலையைத் துணிந்து கையில் எடுக்கலாம்.