உங்க 'லாஸ்ட் நேம்' என்ன?

மேல்படிப்புக்கு வெளிநாட்டுக்கு அப்ளை பண்ற எல்லாரும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருப்பீங்க. 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நான் அப்பா பெயரைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து "டியர் மிஸ்டர் முருகேசன்" என்று மெயில் வந்தது. முருகேசன் எங்க அப்பா. அவர் எந்த யூனிவர்சிட்டிக்கும் அப்ளை பண்ணவில்லை.

அந்தக் கடுப்பில் குடும்பப் பெயர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் போய் நின்ற இடம் வியட்நாம். அங்கே ரொம்பப் பரவலான குடும்பப் பெயர் ஙுயென். இங்கிலீஷ்காரங்க இதைச் சொல்லத் திணறுவாங்க. நமக்குக் கஷ்டமில்லை. 'சங்கு'வில் நடுவில் வரும் 'ங்' ஒலியைச் சொல்லின் முதலில் வைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

வியட்நாம் மக்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். 60 பேர் வகுப்பென்றால் 22, 23 பேர்! ஒரு சின்னக் கணக்கு போடுங்க. வழியில் போகும் இரண்டு பேரைப் பிடித்தால், இருவருமே ஙுயெனாக இருக்க வாய்ப்பு 0.38 × 0.38, அதாவது ஏழில் ஒன்று. அமெரிக்காவில் முதலிடத்தில் இருப்பது ஸ்மித். 2010 சென்சஸில் சுமார் 24 லட்சம் ஸ்மித்கள். ஆனால் அது மொத்த ஜனத்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 16,000-இல் ஒன்றுதான் வரும். "ரொம்பக் காமன்" என்ற ஒரே வார்த்தையை இந்த இரண்டுக்கும் சொல்கிறோம், பாருங்க.

அப்போ 38 சதவீதம் பேரும் சொந்தக்காரங்களா? இல்லவே இல்லை. லி வம்சம் விழுந்து த்ரான் வம்சம் ஆட்சிக்கு வந்தபின், 1232-இல் லி பெயர் உள்ளவர்களை ஙுயென் என்று மாற்றிக்கொள்ள வைத்தார்கள். பிறகு 1802 முதல் 1945 வரை ஆண்டதே ஙுயென் வம்சம். ராஜா வீட்டுப் பெயரை வைத்துக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்? கல்யாணம் ஆனாலும் பெண்கள் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அந்தப் பெயரில் இருப்பது ரத்த உறவு இல்லை, அரசியல்.

அந்த அரசியலின் அடுத்த அத்தியாயம் மற்ற நாடுகளின் பட்டியல்களில் தெரிகிறது. 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள், நிறைய பேர் படகில். அமெரிக்க சென்சஸில் ஙுயென் 1990-இல் 229-ஆவது இடம், 2000-இல் 57, 2010-இல் 38. அப்போது எண்ணிக்கை 4,37,645. ஆஸ்திரேலியாவிலும் முன்வரிசைப் பெயர்களில் ஒன்று.

செக் நாட்டுப் பட்டியலிலும் ஙுயென் மேலே இருப்பதைப் பார்த்து நான் அசந்துபோனேன். காரணம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் காலத்தில் படிக்கவும் வேலைக்கும் அங்கே நிறைய வியட்நாமியர் போனார்கள். ஆனால் டேட்டாவில் ஒரு பொறியும் இருக்கிறது. செக் மொழியில் அப்பா நோவாக் என்றால் மகள் நோவாகோவா. எழுத்தை மட்டும் வைத்து எண்ணும் ப்ரோக்ராமுக்கு அது இரண்டு பெயர். ஙுயென் குடும்பத்தில் பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர்தான். பாதியாக உடையாத பெயர் ரேங்கில் மேலே ஏறத்தானே செய்யும்?

இன்னொரு பொறி. 1954-இல் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி வோ ஙுயென் கியாப். 'ஙுயென்' என்று தேடினால் இவரும் வந்து நிற்பார். ஆனால் இவர் குடும்பப் பெயர் வோ. நடுவில் இருப்பது வேறு தொனியில் சொல்லப்படும் வேறு சொல். எழுத்துக்கு மேலே போடும் தொனிக்குறியை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். டேட்டா க்ளீனிங் என்று நாம் ஸ்டைலாகச் சொல்வது சில நேரம் இதுதான்.

அவரை உலகமே ஜெனரல் கியாப் என்றுதான் கூப்பிட்டது, ஜெனரல் வோ என்று இல்லை. வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும், ஆளைக் கூப்பிடுவது கடைசியில் வரும் சொந்தப் பெயரால்தான். "மிஸ்டர் ஙுயென்" என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்! அமெரிக்க ஃபார்ம்தான் அவர்களை மிஸ்டர் ஙுயென் ஆக்கியது, என்னை மிஸ்டர் முருகேசன் ஆக்கிய மாதிரி.

ஆனால் ஒரு வித்தியாசம். ஙுயென் எத்தனை தலைமுறை ஆனாலும் ஙுயென்தான். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயர் அப்பாவுக்கு, அப்பா பெயர் எனக்கு. வெளிநாட்டில் ஒருவர் செட்டில் ஆனால் இந்தச் சங்கிலி அவரோடு நின்றுவிடலாம். அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் அதே லாஸ்ட் நேம் போகும். அறுபது வருஷம் கழித்து அந்த ஊர் சென்சஸில் 'முருகேசன்' என்ற குடும்பம் பத்துப் பேராக இருக்கலாம். அது ஒரு மனுஷனின் சொந்தப் பெயர் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ எங்கப்பா பேரு?" என்று கேட்டார். தாத்தா பெயருக்கு அந்த ஃபார்மில் கட்டம் இல்லை.