டிக்ரி, ஜப்தி, இன்சால்வென்சி: நீலகிரிக் குடியானவர்கள் அறியவேண்டிய சட்ட விஷயங்கள்

நீலகிரி ஜில்லாவில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர்க்குப் பணம் தேவைப்படுவது விதைக்குங் காலத்திலேயாம். பணம் கைக்கு வருவதோ கிழங்கு தோண்டப்பெற்று மேட்டுப்பாளையம் மண்டியில் விலைபோன பின்னரேயாம். நீர்ப்போகம், கார்ப்போகம், கடைப்போகம் என்னும் மூன்று போகங்களுக்கும் விதைக்கிழங்கு, உரம், கூலி ஆகியவற்றிற்கு முன்னதாகவே செலவிட வேண்டியிருத்தலால், கடன் வாங்காது சாகுபடி செய்வோர் சிலரே. தேயிலை வைத்திருப்போர்க்குப் பச்சை இலைப் பணம் மாதந்தோறும் வருமாயினும், 1998-ஆம் ஆண்டிற்குப் பின் இலையின் விலை வீழ்ந்தபொழுது, நல்ல விலையை நம்பிக் கடன்பட்ட சிறு விவசாயிகள் பலர் தவணை கட்டவியலாது இடர்ப்பட்டனர். கடன் வாங்குவது குற்றமன்று. கடன் கோர்ட்டுக்குச் சென்ற பின் எந்த நாளில் எதைச் செய்யவேண்டும் என்பதை அறியாதிருத்தலே பல குடும்பங்களின் நிலத்தைப் பிறர் கைக்கு மாற்றியிருக்கின்றது.

இம்மலைநாட்டில் இக்கவலை புதியதன்று. கூட்டுறவு நாணய சங்கங்கள் இந்நாட்டில் தோன்றுவதற்கு அடிகோலிய அறிக்கையை 1895-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்திற்குச் சமர்ப்பித்த சர் பிரடெரிக் நிகல்சன், தமது முதுமைக் காலத்தைக் குன்னூரிலேயே கழித்தார். 1930-ஆம் ஆண்டையொட்டி விளைபொருள்களின் விலை பாதியாய்ச் சரிந்தபொழுது, கடனின் தொகை குறையாது நிற்க, அதைக் கட்டவேண்டிய கிழங்கின் மதிப்பு மட்டுங் குறைந்தது. இதன் பயனாக ராஜாஜியின் மந்திரிசபை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை (1938-ஆம் ஆண்டின் 4-வது சட்டம்) இயற்றிற்று. அது 1938 மார்ச்சு 22-ந் தேதி அமலுக்கு வந்தது.

அச்சட்டத்தின் கணக்கு ஒன்றை இங்குக் காட்டுதல் தகும். 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் ஒருவர் ரூ. 500 கடன் வாங்கி, அசலும் வட்டியுமாக ரூ. 600 செலுத்தியிருந்தார் என்று கொள்க. 1937 அக்டோபர் 1-ந் தேதியன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அசலின் இருமடங்கு ரூ. 1,000, செலுத்தியது ரூ. 600, குறைவு ரூ. 400. அக்குறைவு, நின்ற அசல் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே பாக்கியாதலின், அவர் கட்டவேண்டியது ரூ. 400 மட்டுமே. இருமடங்கும் முன்னரே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. சட்டத்திற்கு முன்னரே பிறந்த டிக்ரிகளையும் இம்முறையில் திருத்தலாம் என்று விதிக்கப்பட்டது. இச்சட்டம் செல்லுமா என்ற வழக்கு டில்லியிலிருந்த பெடரல் கோர்ட்டு வரையிற் சென்றது. பிராமிசரி நோட்டு மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்திற்குட்பட்ட விஷயமாயினும், கடன் டிக்ரியில் கலந்துவிட்டபின் அது நோட்டுக் கடன் அன்று என்ற காரணத்தால், 1940-ஆம் ஆண்டில் அக்கோர்ட்டு குடியானவருக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது.

ஆனால் நீலகிரியில் இச்சலுகையைப் பெறாதவர்களும் இருந்தனர். விவசாயி என்பவர், முனிசிபாலிடிக்கோ கண்டோன்மெண்டுக்கோ உட்படாத நிலத்தில் பாத்தியமுடையவராய் இருத்தல் வேண்டும் என்று சட்டம் வரையறுத்தது. உதகையும் குன்னூரும் முனிசிபாலிடிகள், வெலிங்டன் கண்டோன்மெண்டு. ஆகவே ஒரே மலைச்சரிவில் எல்லைக்கல்லுக்கு அப்பால் கிழங்கு வைத்தவர் நிவாரணம் பெறவும், இப்பால் வைத்தவர், வேறிடத்தில் நிலமில்லாவிடின், பெறாதிருக்கவும் நேர்ந்தது. தம் நிலம் எந்த எல்லையில், எந்த வகைப்பாட்டில் பதிவாகியுள்ளது என்பதை அறிந்திருத்தல் இன்றைக்கும் எவ்வளவு அவசியம் என்பது பின்னர் விளங்கும்.

சம்மன் வந்தபின்

இனி இக்காலத்து நடைமுறை. நோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் தாவா செய்யப்படவேண்டும். அக்கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், கையெழுத்தோடு ஒரு பகுதியைச் செலுத்தினாலும், கெடு அன்றிலிருந்து மறுபடியும் தொடங்கும். தொகை எழுதாத முத்திரைத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் ஒழியவில்லை. அவ்விதம் கொடுத்தவர், அத்தாளைப் பூர்த்தி செய்யும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தவராகிறார் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கூறுகின்றது. வெற்றுக் காசோலையோ இதனினும் அபாயமானது. அது திரும்பினால் விஷயம் கிரிமினல் கோர்ட்டுக்குச் செல்லும். நோட்டீசு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டினாலன்றித் தப்புதல் அரிது.

சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று எண்ணுவது வீண். மறுத்தவரின் வீட்டுக் கதவில் சம்மன் ஒட்டப்பெற்று, ஒருதலைப்பட்சமான டிக்ரி பிறக்கும். அதை நீக்கக் கோரும் மனுவை டிக்ரி தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். சம்மன் முறைப்படி சார்வாகாதிருந்தால் மட்டும் டிக்ரியைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அக்கெடு கணக்கிடப்படும். கோர்ட்டில் ஆஜராகிக் கடனை ஒப்புக்கொள்பவருக்குங்கூட லாபம் உண்டு. தவணையாகக் கட்ட அனுமதிக்கும்படி அங்கேயே கேட்கலாம். அன்றியும், வியாபாரக் கடன் அல்லாதவற்றிற்கு, டிக்ரிக்குப் பிந்திய காலத்து வட்டி, அசல்மீது ஆண்டுக்கு நூற்றுக்கு 6-க்கு மேற்படக் கூடாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-வது பிரிவு.

டிக்ரிக்குப் பின் குடியானவர் மிகுதியாக ஏமாறுவது ஓரிடத்தில். டிக்ரிதாரரின் வீட்டுக்கே சென்று பணத்தைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் என்பதால் வாய்ச்சொல்லோடு திரும்பிவிடுகின்றனர். கோர்ட்டுக்கு வெளியே கட்டிய பணம் கோர்ட்டில் பதிவு செய்யப்படாவிடின், டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. டிக்ரிதாரர் தாமே பதிவு செய்யாவிட்டால், கடன்பட்டவர் பணங் கட்டிய 30 நாட்களுக்குள் மனுச் செய்துகொள்ளவேண்டும். அதுவும் எழுத்து மூலமான சான்றோடு இருத்தல் வேண்டும். ஆகவே பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டுவதும், பாங்கு மூலமோ மணியார்டர் மூலமோ அனுப்புவதும் உத்தமம். ஒரு டிக்ரி 12 ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும் என்பதை நினைத்தால், ரசீதைப் பாதுகாக்கவேண்டிய காலமும் அதுவே என்பது விளங்கும்.

ஜப்தி செய்யக் கூடாதவை

அமீனா வந்து நின்றவுடன் வீட்டிலுள்ள யாவும் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி, உடுக்கும் உடை, சமையற் பாத்திரம், படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது. விவசாயியின் உழவுக் கருவிகளும், அவர் ஜீவனத்திற்கு அவசியமென்று கோர்ட்டு கருதும் மாடுகளும், விதைத் தானியமும் அங்ஙனமே. தானியம் என்றே சட்டம் சொல்லுகின்றது. ஆயினும் மலைநாட்டில் தானியத்தின் இடத்தில் இருப்பது விதைக்கிழங்கே என்பதை எடுத்துக்காட்டி, அதற்கும் இப்பாதுகாப்பைக் கோரி மனுச் செய்தல் தகும். விவசாயிக்குச் சொந்தமாயும் அவர் குடியிருப்பதாயுமுள்ள வீட்டையும் அதன் மனையையும் ஜப்தி செய்யலாகாது என்பது இவற்றுள் தலையாயது. விவசாயி என்பவர் தாமாகவோ, குடும்பத்தாரைக் கொண்டோ, கூலியாட்களைக் கொண்டோ நிலத்தைச் சாகுபடி செய்து, பெரும்பாலும் அவ்வருவாயைக் கொண்டே பிழைப்பவராய் இருத்தல் வேண்டும். இலை பறிக்கக் கூலியாள் வைத்திருக்கிறார் என்பதனால் மட்டும் ஒருவர் இப்பாதுகாப்பை இழந்துவிடமாட்டார். இவ்வுரிமைகளை விட்டுக்கொடுப்பதாகக் கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த ஷரத்துச் செல்லாது.

ஆனால் அவ்வீட்டையே அடமானம் வைத்திருந்தால் இப்பாதுகாப்பு உதவாது. அடமான டிக்ரியில் ஜப்தி என்ற படியே இல்லாமல் சொத்து நேரே ஏலத்திற்கு வரும். நிலத்தை ஈடு காட்டினால் போதுமான கடனுக்கு, வீட்டையும் சேர்த்து எழுதிக்கொடுப்பது பெரும் பிழை.

நிற்கும் பயிரை ஜப்தி செய்தல் கூடும். அப்பொழுதும் கோர்ட்டு விதிக்கும் நிபந்தனைகளுக்குட்பட்டு, கடன்பட்டவர் பயிரைப் பராமரித்து அறுத்துச் சேர்க்கலாம். சேமித்து வைக்க இயலாத பயிரானால், அறுவடைக்குத் தகுதியாகும் காலத்திற்கு 20 நாட்களுக்குக் குறைவாயிருக்கையில் அதை ஜப்தி செய்யக் கூடாது. காலிப்பூ முதலிய மலைக்காய்கறிகள் வைப்போர் இவ்விதியை நினைவிற் கொள்க.

நிலம் ஏலமாகிவிட்டது என்பதனாலேயே யாவும் முடிந்துவிடவில்லை. ஏல நாளிலிருந்து 60 நாட்களுக்குள், விளம்பரத்திற் கண்ட டிக்ரித் தொகையையும், ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தையும் கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்தாகும். உதாரணமாக, ரூ. 80,000 டிக்ரிக்காக ஒருவருடைய நிலம் ரூ. 1,20,000-க்கு ஏலம் போயிற்று என்று கொள்க. அவர் ரூ. 80,000-உடன், ஏலம் எடுத்தவருக்காக ரூ. 6,000 சேர்த்து, ஆக ரூ. 86,000 கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். 61-வது நாளன்று பணத்தோடு வருபவருக்குக் கோர்ட்டு உதவ இயலாது. ஏல விளம்பரத்தில் முறைகேடோ மோசடியோ இருந்து, அதனால் தமக்குக் கணிசமான நஷ்டம் விளைந்ததென்று மெய்ப்பிக்கக்கூடியவர் வேறு மனுச் செய்யலாம்.

கடனுக்காகச் சிறை என்னும் பயமும் பலரை ஆட்டுகின்றது. பணத்துக்கான டிக்ரியின் பேரில் பெண்களைக் கைது செய்யவே கூடாது. ரூ. 2,000-க்கு மேற்படாத டிக்ரிக்குச் சிறையில்லை, ரூ. 5,000-க்கு மேற்பட்டதற்கும் மூன்று மாதமே உச்ச வரம்பு. கட்டும் வசதியிருந்தும் கட்டாதவர், சொத்தை மறைத்தவர், ஓடிவிட எத்தனிப்பவர் ஆகியோர்க்கே இது. வெறும் வறுமையினால் கட்டவியலாதவரைச் சிறையிலிடலாகாது என்று 1980-ஆம் ஆண்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட்டின் சார்பில் தீர்ப்பளித்தார்.

மஞ்சள் கடிதம்

ஊரார் மஞ்சள் கடிதம் என்றும் ஐ. பி. என்றும் சொல்லும் இன்சால்வென்சிக்கு ஆதாரம் 1920-ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சிச் சட்டமாகும். 2016-ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டத்தில் தனி மனிதரைப் பற்றிய பகுதி, கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்காக மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவரப்பட்டது. குடியானவருக்கு வழங்குவது பழைய சட்டமே. ரூ. 500-க்குக் குறையாத கடன் உள்ளவரோ, டிக்ரிக்காகக் கைதானவரோ, சொத்து ஜப்தியிலிருப்பவரோ மனுக் கொடுக்கலாம். இன்சால்வெண்டு என்று தீர்ப்பானவுடன் அவருடைய சொத்துக்கள் ரிசீவர் வசமாகும். மேற்கூறிய ஜப்தி செய்யலாகாதவை மட்டும் அவரிடமே நிற்கும். அடமானம் பெற்றவருடைய உரிமைக்கு இதனால் குறைவில்லை.

மனுக் கொடுக்குமுன் நிலத்தை மைத்துனர் பெயருக்கு எழுதிவைப்பது பலருக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் தகுந்த பிரதிபலனின்றிச் செய்த மாற்றத்தையும், மூன்று மாதத்திற்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிச் செய்ததையும் கோர்ட்டு ரத்து செய்யக்கூடும். எழுதிக்கொடுத்தவர் பத்திரச் செலவையும் கோர்ட்டின் நம்பிக்கையையும் ஒருங்கே இழப்பார். தீர்ப்பில் குறித்த காலத்திற்குள் விடுதலைக்கு மனுச் செய்யாது இருந்துவிட்டால் தீர்ப்பே ரத்தாகி, கடன்கள் மீண்டும் தலையெடுக்கும். விடுதலை பெறாத இன்சால்வெண்டு, தம் நிலையைச் சொல்லாமல் ரூ. 50-க்குக் கடன் வாங்கினாலும் தண்டனைக்குரியவர்; உள்ளூராட்சி ஸ்தாபனங்களில் பதவி வகிக்கவும் இயலாது.

இவை யாவற்றினும் கொடியது ஜாமீன்தாரரின் நிலை. ஒரே ஹட்டியில் வாழ்பவர், பங்காளி கேட்டார் என்று கையொப்பமிடுகின்றார். அசல் கடன்காரரிடம் கேட்டபின்தான் தம்மிடம் வருவார்கள் என்று அவர் நம்புகின்றார். சட்டம் அங்ஙனம் கூறவில்லை. இருவர் பொறுப்பும் சமமே. கடன்பட்டவர் இன்சால்வென்சியில் விடுதலை பெற்றாலும் ஜாமீன்தாரர் விடுபடமாட்டார். ஹட்டியில் பிறருடைய கடனுக்காகத் தம் தேயிலைத் தோட்டத்தை இழக்கும் நிலைக்கு வந்தவர், கடன்பட்டவரைக் காட்டிலும் அதிகமாக இரங்கத்தக்கவர்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலிய பெயர்களில் வாங்கும் அதிக வட்டி 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டுள்ளது. மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 30,000 வரை அபராதமும் விதிக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்கவேண்டியது அடங்கல் பதிவாகும். தாம் விவசாயி என்று கோர்ட்டில் சொல்பவருக்கு முதற் சான்று சிட்டாவும் அடங்கலுமே. பாங்குகள் கோர்ட்டுக்குச் செல்லாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சட்டம் விவசாய நிலத்திற்குப் பொருந்தாது. ஆனால் நிலம் மெய்யாகவே விவசாய நிலமா என்பது, ஈடு கொடுத்த காலத்தில் அது எவ்விதம் பயன்படுத்தப்பட்டது என்னும் சான்றைப் பொறுத்ததென்று 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கின்றது. போகந்தோறும் நேரிற் சென்று பாராது சென்ற ஆண்டின் பதிவையே திருப்பி எழுதும் அடங்கல், ஒருவருடைய நிலத்தைக் காக்கவேண்டிய நாளில் பயனற்றதாய்விடும். நிலத்தின் ஜப்தி உத்தரவு தமுக்கடித்து அறிவிக்கப்பெற்று, நிலத்திலும் கோர்ட்டிலும், வரி கட்டும் நிலமானால் கலெக்டர் ஆபீசிலும், கிராமத்தில் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டப்படவேண்டும். இவை நடந்தனவா, எந்நாளில் நடந்தன என்பதைக் குறித்து வைத்தால் பின்னர் எழும் வழக்குகளில் உதவும்.

வக்கீல் வைக்க வசதியற்றவர் ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும். கோர்ட்டிலுள்ள வழக்கை லோக் அதாலத்தில் இரு தரப்பாரும் சமரசமாக முடித்துக்கொண்டால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வார்டின்மேல் அப்பீல் இல்லையாதலால், தவணைத் தொகையும் தேதியும் தம்மால் கட்டக்கூடியவையா என்பதைக் கையொப்பத்திற்கு முன்னரே கிழங்கு தோண்டும் மாதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.