வானொலி எண்களை விளங்கிக்கொள்வோம்

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்த பின்னர், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே சண்டை நடக்கிறது என்று அறிவது உயிர்காக்கும் காரியமாயிற்று. ஆனால் அறிவிப்பாளர் மீற்றரில் சொல்வார். பெட்டியில் மெகாஹேட்ஸ் எழுதியிருக்கும். முள்ளைத் தேடித் திருப்புவதற்குள் செய்தி முடிந்துவிடும். சுற்றிய கையும் ஓய்ந்துவிடும். இந்த எண்களை மாற்றும் கணக்கு கடினமானதன்று.

மீடிறன் என்றால் என்ன?

குளத்தில் கல்லெறிந்தால் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வரும். ஒரு செக்கனில் எத்தனை அலைகள் வருகின்றன என்பதே மீடிறன். செக்கனுக்கு ஓர் அலையானால் 1 ஹேட்ஸ். வானொலி அலைகள் உண்டெனப் பரிசோதனையால் நிறுவிய ஜேர்மன் விஞ்ஞானி ஹைன்றிச் ஹேட்ஸ் (1857–1894) நினைவாக இப்பெயர் வந்தது. பழைய பெட்டிகளில் உள்ள கிலோசைக்கிளும் கிலோஹேட்ஸும் ஒன்றே.

மாற்றும் முறை

1000 கிராம் ஒரு கிலோ ஆவதுபோல, 1000 ஹேட்ஸ் ஒரு கிலோஹேட்ஸ். 1000 கிலோஹேட்ஸ் ஒரு மெகாஹேட்ஸ்.

1. மெகாஹேட்ஸைக் கிலோஹேட்ஸ் ஆக்க 1000 ஆல் பெருக்குக. 9.6 மெகாஹேட்ஸ் = 9600 கிலோஹேட்ஸ்.

2. கிலோஹேட்ஸை மெகாஹேட்ஸ் ஆக்க 1000 ஆல் வகுக்குக. தூத்துக்குடி நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பிய 1053 கிலோஹேட்ஸ் = 1.053 மெகாஹேட்ஸ்.

3. மீற்றர் அறிய, 300ஐ மெகாஹேட்ஸால் வகுக்குக. வானொலி அலை செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்வதால் இவ்விதி அமைகிறது. 300 ÷ 9.6 = 31.25. ஆகவே 9600 கிலோஹேட்ஸ் நிலையத்தை 31 மீற்றர் பகுதியில் தேடவேண்டும்.

ஒன்றை மறவாதிருப்போம். 31 மீற்றர் பகுதியில் பல நிலையங்கள் இருக்கும். மீற்றர் தெருவைக் காட்டும். கிலோஹேட்ஸ் வீட்டைக் காட்டும்.

இன்று எதற்கு?

பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இலும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018இலும் நின்றுவிட்டன. ஆனால் புயல் இன்னும் வருகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம் குடாநாட்டை மூடியதை மறக்கவில்லை. மின்சாரம் நின்று, கைத்தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்தால், பற்றரியில் இயங்கும் சிறிய வானொலியே எச்சரிக்கை தரும். முகாமிலிருந்தாலும் மீளக்குடியேறிய காணியிலிருந்தாலும், உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் நிலையங்களின் எண்களை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவையுங்கள். பண்பலை எண்கள் மெகாஹேட்ஸில் இருக்கும். தசமப் புள்ளியையும் தவறாது எழுதுங்கள்.

பயிற்சி (பிள்ளைகளோடு சேர்ந்து செய்க)

அ. 7.2 மெகாஹேட்ஸ் எத்தனை கிலோஹேட்ஸ்?
ஆ. 1500 கிலோஹேட்ஸ் எத்தனை மீற்றர்?
இ. 100 மெகாஹேட்ஸ் எத்தனை மீற்றர்?

விடைகள்: அ. 7200; ஆ. 200, இ. 3.