கொதிக்கும் கசடும் வடியாத நீரும்

கழிவறையில் நீரை இழுத்துவிட்டதோடு நம் கவலை தீர்ந்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. தூய்மையாக்கிய நீர் ஆற்றுக்குப் போனபின் தொட்டியில் எஞ்சுவது கசடு. அதிலுள்ள நீரைப் பிரிப்பதே பொறியாளர்களின் பெரிய தலைவலி.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 100 டன் கசடில் 2 டன் மட்டுமே திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். நீரை நீக்கி அதன் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்தினால், எஞ்சுவது 10 டன். 16 விழுக்காட்டோடு நின்றுவிட்டால் 12.5 டன். நான்கு லாரி போதும் என்ற இடத்தில் ஐந்து லாரி தேவைப்படும்.

உயர்வெப்பச் செரிமானம்

கசடில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமப் பொருளை உண்டு வெப்பத்தை வெளியிடுகின்றன. வெப்பம் வெளியேறாதபடி மூடிய தொட்டியில், தீ மூட்டாமலேயே வெப்பநிலை 45 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும். 1970களில் ஜெர்மனியில் வளர்ச்சி பெற்ற இம்முறையில் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அழிகின்றன. கசடை நிலத்துக்கு உரமாக்க இது பேருதவி.

சிக்கல் எங்கே?

சோறு குழைந்துவிட்டால் கஞ்சி எளிதில் வடிவதில்லை அல்லவா? இங்கும் ஏறக்குறைய அதே கதைதான். வெப்பத்தில் நுண்ணுயிர்களின் செல்கள் சிதைந்து, உள்ளிருக்கும் புரதமும் பல்சர்க்கரையும் நீரில் கலக்கின்றன. கசடைத் திரளச் செய்ய நாம் சேர்க்கும் பாலிமரின் பெரும்பகுதியை இவையே பிடித்துக்கொள்கின்றன. எனவே பாலிமர் செலவு கூடுகிறது.

இரண்டாவது காரணம் அம்மோனியம். புரதம் சிதையும்போது உண்டாகும் இதனை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அவ்வளவு சூட்டில் வாழ்வதில்லை. தேங்கும் அம்மோனியம், கசடுத் திரள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம், மக்னீசிய அயனிகளின் இடத்தைப் பிடிக்கிறது. அதற்கு ஒரே மின்னூட்டம். இரண்டு துகள்களை இணைத்துப் பிடிக்க இயலாது. திரள் உடைந்து நுண்துகளாகிறது.

தீர்வுகள்

அமெரிக்காவில் சுதிர் மூர்த்தி, ஜான் நோவாக் முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பாலிமருடன் இரும்பு அல்லது அலுமினிய உப்புகளையும் சேர்ப்பதை ஆராய்ந்தது. இவ்வுப்புகள் நீரில் கலந்த புரதத்தைப் பிணைத்துவிடுவதால் பாலிமர் தன் வேலையைச் செய்ய முடிகிறது. மற்றொரு வழி, சூடான தொட்டியை அடுத்து ஒரு தொட்டி அமைத்து, கசடை ஆறவிட்டு மீண்டும் காற்றூட்டுவது. மிதமான வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கரைந்த புரதத்தை உண்கின்றன, அம்மோனியமும் குறைகிறது.

இவ்விரண்டுக்கும் செலவு உண்டு. ஆகவே, கிருமியை ஒழிக்கும் தொட்டியைத் திட்டமிடும்போதே நீரை வடிக்கும் பொறியையும் சேர்த்துக் கணக்கிடுவதே அறிவுடைமை. நாளை இத்துறையில் கால்பதிக்கவிருக்கும் நண்பர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.