சாயக் கழிவு நீரும் பயிர்களும்

நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ம் வருஷத்தில் முடிவுற்ற அணை பாசனத்தின்பொருட்டு ஏற்பட்டது. ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் அதில் வந்து தேங்கியமையால், அந்நீர் பயிருக்கு உதவாததாயிற்று. அண்டைக் கிணறுகளும் உவர்த்தன.

நூலில் சாயம் பற்றுவதற்காக உப்பு ஏராளமாய்ச் சேர்க்கப்படுகிறது. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும். பயிரைக் கெடுப்பதோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இவ்வுப்பேயாகும். மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுமாயின், வேர் அந்நீரை உறிஞ்சுதல் அரிதாகும். ஆகவே ஈர மண்ணில் நின்றும் செடி தாகத்தால் வாடும். உட்சென்ற உப்பு இலைகளில் சேர, முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகும். இதைக் கண்ட குடியானவர் தண்ணீர்க் குறைவென்றெண்ணி அதே கிணற்று நீரை மேலும் பாய்ச்சுவாராயின், தீங்கு அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

எல்லாப் பயிர்களும் உப்பை ஒரே விதமாய்த் தாங்குவனவல்ல. மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டியதும் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். பருத்தியோ ஏறக்குறைய 7.7 வரையில் தாங்கும்.

ஆதலால் இலைநுனி கருகக் கண்டவுடன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவறிந்து பயிரைத் தெரிந்துகொள்ளுதல் உத்தமம். சோடியம் மிகுந்த நிலத்திற்கு ஜிப்சம் இடலாம். எனினும், அதனால் விடுபடும் உப்பை அடித்துச் செல்ல நல்ல நீரும் வடிகாலும் இன்றியமையாதன.